சுவரைப் பார்க்கும் குழாய்

ஈப்போவில் ஒழுகாத குழாய்கள் எல்லாம் டேப் அண்ணன் பூட்டியவை. ஒழுகுபவை எல்லாம் மற்றவர்கள் பூட்டியவை. இதை முதலில் சொன்னவர் டேப் அண்ணனேதான் என்றாலும், எங்கள் தாமான் குடியிருப்பில் அதை மறுத்தவர் எவருமில்லை.

ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து குழாய் வேலை கற்றவர். எழுபதுகளில் மற்றவர்கள் சணலைச் சுற்றிப் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தபோதே வெள்ளை டேப்புக்கு மாறியவர். குழாயின் மரையில் அதை இழுத்துச் சுற்றுகையில், பரிவட்டம் கட்டும் பூசாரியின் பக்தி அவர் முகத்தில் தெரியும்.

இறுகிய இடத்தில் நிறுத்திவிடுவார். குழாயின் மூக்கு எந்தத் திசையில் நின்றாலும் அவருக்குக் கவலையில்லை. ஆகையால் எங்கள் வரிசையில் ஒரு வீட்டுக் குழாய் வாசலைப் பார்க்கும். இன்னொன்று அடுப்பைப் பார்க்கும். எங்களுடையது கோபித்துக்கொண்டதுபோலச் சுவரைப் பார்த்தது.

"கொஞ்சம் நேராக்குங்க அண்ணே," என்றார் அம்மா.

"பின்னால திருப்புனா டேப்பு பிரிஞ்சி ஒழுகும்லா, தங்கச்சி. வாளிய அது பார்க்குற பக்கம் வைங்க. நான் பூட்டுனது ஒழுகுனா இந்த மீசைய எடுத்துர்றேன்!"

சாதாரண மீசையன்று அது. தெருமுனையில் அவர் வருவதற்கு முன்பே அது வந்துவிடும்.

அக்காவைப் பெண் பார்க்கச் சிலிம் ரிவர் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த காலையில், அந்தக் குழாய் அம்மாவுக்கு மானப் பிரச்சினையாயிற்று. இரு கைகளாலும் பற்றித் திருப்பினார். நேரானது. பிற்பகலில் பலகாரத் தட்டுகள் கூடத்துக்குச் சென்றபோது, தண்ணீரும் பின்தொடர்ந்தது.

அப்பா டேப் அண்ணனை அழைத்துவர ஓடினார். மீசைச் சபதத்தை அப்பா சற்று முன்புதான் விருந்தினரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"நீங்க பூட்டுனதாண்ணே? மீசை எப்போ?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

டேப் அண்ணன் குழாயைக் கழற்றினார். மரையில் கசங்கிக் கிடந்த டேப்பைப் பார்த்தார். அம்மாவின் வெளிறிய முகத்தைப் பார்த்தார்.

"என் கைதான் தப்பு பண்ணிருச்சு," என்றார்.

புது டேப் சுற்றி, மறுபடியும் சுவரைப் பார்க்கவே பூட்டிவிட்டுப் போனார். மாலையில் மீசையின்றித் தெருவில் நடந்தார். அவர் வளர்த்த நாயே குரைத்தது.

அக்காவின் திருமணத்தில், மாப்பிள்ளை வீட்டார் அனைவரின் முன்னிலையிலும் அம்மா எழுந்து நின்றார்.

"அன்னிக்கு பைப்பத் திருப்புனது நான்தான். அண்ணன் பூட்டுனது ஒழுகல."

பாதி வளர்ந்திருந்த மீசையை டேப் அண்ணன் முறுக்கப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை.

"தெரியும்லா தங்கச்சி. டேப்பே சொல்லிருச்சு."

குழாய் ஏன் கோணலாக நிற்கிறது என்று வீட்டுக்கு வருபவர்கள் இன்றும் கேட்பதுண்டு. வாளியைச் சுவரோரம் நகர்த்தியபடி அம்மா நிமிர்ந்து சொல்வார்:

"எங்க அண்ணன் பூட்டுனது."