தீவுக்காரரின் பூனைக் காசு

திருவண்ணாமலையில் தீவுக்காரரைப் போல அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் வேறு யாரும் கிடையாது. அதில் முக்கால்வாசி என்னுடையது.

மனிதர் கடலையே பார்த்ததில்லை. செங்கம் சாலையில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பியதும், பசிபிக் கடலில் எங்கோ கிடக்கும் குட்டித் தீவு வெளியிட்ட வெள்ளிக் காசு ஒன்றை இவருக்கு அனுப்பிவைத்தார். ஒரு பக்கம் இங்கிலாந்து ராணி. மறுபக்கம் டிவி கார்ட்டூனில் வரும் பூனை, நீலச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக, முழுக் கலரில்! கார்ட்டூன் கம்பெனியிடம் முறையாக அனுமதி வாங்கி அடித்த அரசாங்கக் காசு. அன்றிலிருந்து அவர் தீவுக்காரர்.

நானோ ஆற்காடு நவாப் காலத்துச் செப்புக் காசுகளை வருஷக்கணக்காக அலைந்து சேர்த்தவன். என் வீட்டுக்கு வருகிறவர்கள்கூட, "தீவுக்காரர் பூனையைப் பாத்துட்டீங்களா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

"அது பொம்மைங்க, காசு இல்ல," என்றேன் ஒருநாள் தாங்க முடியாமல், அவரிடமே.

"அந்தத் தீவுல போயி நீட்டுங்க சார், டீ குடுப்பான். உங்க நவாப் காசுக்கு இங்கயே எவன் டீ குடுக்கறான்?"

வேங்கிக்கால் பள்ளியில் நாணயக் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரே ஒரு ஆளாவது என் காசைக் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

காலையில் தீவுக்காரர் செத்த முகத்தோடு வந்தார். பளபளவென்று இருக்கட்டுமே என்று, வீட்டு வெள்ளிச் சாமான்களைத் தேய்ப்பது போல, காசையும் விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார். ராணி ஜொலித்தார். பூனையின் சட்டை, தொப்பி, மீசை எல்லாம் விபூதியோடு போய், ஒரு காது மட்டும் மிச்சம்.

"ஜாஸ்தி தேச்சுட்டேன் சார்."

எனக்கு உள்ளுக்குள் தீபாவளி. வெளியே "அடடா" என்றேன்.

கூட்டம் வந்தது. மனிதர் எழுந்து நின்று கூவ ஆரம்பித்துவிட்டார். "என் பூனை போயிடுச்சுங்க! சாரோடத வந்து பாருங்க! நவாப்பு தன் கையால எண்ணுன காசு, இந்தியாவுலயே வேற எங்கயும் கெடையாது!"

அத்தனையும் புளுகு. ஆனால் கூட்டம் என் மேஜைமேல் வந்து விழுந்தது. என் காசுக்கு ஆள் சேர்க்கவும் அவர்தான் வேண்டியிருக்கிறது என்று அதற்கும் வயிறெரிந்தது.

கூவி முடித்தவர் தன் மேஜைக்குத் திரும்பி, அந்தக் காசைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது சனியன் அப்போதா தெரிய வேண்டும்?

என் கண்ணாடிப் பெட்டியின் நடுவிலிருந்த நவாப் காசை ஓரமாக நகர்த்தினேன். தீவுக்காரர் கையிலிருந்த காசை வாங்கி அந்த இடத்தில் வைத்தேன்.

"மொதல்ல இந்தப் பூனையப் பாருங்க," என்றேன் கூட்டத்திடம்.