கும்பிடு சார் மகளுக்குப் பூ வைத்த கதை

கொடைக்கானலில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எத்தனையோ பெரிய மனிதர்கள் நடந்து போயிருக்கிறார்கள். மரத்தில் இடித்துக்கொண்டு மரத்திடமே மன்னிப்புக் கேட்டவர் எங்கள் கும்பிடு சார் ஒருவர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் அங்கே குமாஸ்தா. அவர் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை உலாவப் போனால், சோலைக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றிக் கையெடுத்துக் கும்பிட்டு, "வந்திருக்கோமுங்க" என்பார். வெறுங்காலைக் கண்டால் அட்டைகளுக்குக் கொண்டாட்டம். "அது வீட்டுக்கு நாமதானய்யா வந்தோம்? பசிச்சிருக்கும்" என்று நியாயம் பேசுவார். நாங்கள் தின்று போட்ட ஆரஞ்சுத் தோலையெல்லாம் பொறுக்கிக் கோட்டுப் பையில் திணித்துக்கொள்வார். திங்கட்கிழமை ஆபீஸே கமகமக்கும். "யாருய்யா இங்க பழக்கடை வச்சது?" என்று மானேஜர் கத்துவார்.

இந்த மனிதருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். தாயில்லாப் பெண். வந்த வரன்களெல்லாம் அப்பாவைப் பார்த்ததுமே மலையிறங்கிவிட்டன. கடைசியாகப் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த குடும்பம் ஒன்று வந்தது. பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. உடனே பூ வைத்துப் பேச்சை உறுதி செய்துவிடலாம் என்றால், கொண்டுவந்த மல்லிகை மலைப்பாதை வளைவில் யாரோ எடுத்த வாந்தியோடு போயிருந்தது. சரி, ஊரையாவது காட்டுவோம் என்று எல்லாரும் கிளம்பினோம்.

சோலை ஓரத்தில் காட்டுப்பூவரசு என்கிற மலைமரம் ஒன்று செக்கச்செவேல் என்று பூத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "முருகனாப் பாத்துக் குடுத்திருக்கான். இதையே வச்சிருவோம்!" என்று கையை நீட்டினார்.

"பறிக்காதீங்க!" என்று அலறினார் சார்.

அந்த அம்மாளின் கை அப்படியே நின்றது. "ஏங்க, சம்பந்தம் பிடிக்கலையா?"

"ஐயோ, ரொம்பப் பிடிச்சிருக்குங்க. அது... அதுபாட்டுக்குப் பூத்துக் கெடக்கு..."

"ஒத்தப் பூவுங்க! ஒங்க மக தலைக்குத்தான!"

நான் சாரின் காதில், "பேசாம இருங்க சார், இதுவும் போயிரும்" என்றேன். அவருக்கும் தெரியாதா? தாமே பறித்துக் கொடுத்துவிடுவது என்று கையைத் தூக்கினார். விரல் காம்பு வரை போய் நின்றுவிட்டது. பறிக்கவும் முடியவில்லை, கையை இறக்கவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அந்தப் பெண்தான் அசைந்தாள். மரத்தடிக்குப் போய்த் தலையைக் குனிந்தாள்.

"அத்தே, பூ அங்கனயே இருக்கட்டும். நான் வந்துட்டேன். வைங்க."

மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்பனுக்கு மேல இருக்காளே இவ!" என்றபடி கிளையைப் பதமாக வளைத்து, பூவைப் பறிக்காமலே அவள் பின்னலில் பதித்துப் பிடித்துக்கொண்டு குலவை போட்டார். கையை விட்டதும் கிளை மேலே போய், எங்கள் எல்லார் மேலும் பனித்தண்ணீரைக் கொட்டியது.

எல்லாரும் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார்கள். சாரைக் காணோமே என்று திரும்பிப் போனேன். மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மனுஷன் அழுதுகொண்டிருந்தார். கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவர் அழுது முடிக்கட்டும் என்று, குளிரில் கொஞ்சம் தள்ளிக் காவல் நின்றேன்.