மணியை நிறுத்தத் தெரியாதவள்

எதையும் ஆரம்பிக்கும் வேகம் எனக்கு உண்டு. நிறுத்தும் புத்திதான் கிடையாது. இதற்குச் சாட்சி, என் அக்கா கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும்.

தொண்ணூறுகளில் திருமுடிவாக்கத்தில் இன்டர்காம் பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் வழியாக, பெட்டிக்குள் இருக்கும் சிப்போடு பேசும் குட்டி புரோகிராம்கள் எழுதுவது என் வேலை. (வீட்டில், "பொண்ணு போன் ரிப்பேர் பண்றா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள்.) ஆர்டரே இல்லை. இனியும் வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் செம்பாக்கம் மண்டபத்தில் அக்கா கல்யாணம். மண்டப ஓனரிடம் நானே பேசி, பெட்டியை மாட்டினேன். பிடித்தால் வாங்கிக்கொள்வார்.

கல்யாணத்தன்று காலை பட்டுப்புடவையோடு மண்டப ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஓனர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, எல்லா ரூம்லயும் ஒரே டைம்ல மணி அடிக்குமா? முகூர்த்தத்துக்கு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு பேஜாரா கீது."

"இதோ பாருங்க சார்!"

ஒரு தட்டு தட்டினேன். மண்டபமே அலறியது.

"சூப்பரும்மா! சரி, நிறுத்து."

அப்போதுதான் உறைத்தது. நிறுத்தும் கட்டளையை நான் எழுதவே இல்லை. கம்பெனியில் பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்துவேன். இங்கும் பிடுங்கினேன். அடித்துக்கொண்டே இருந்தது. கரண்ட் போனாலும் போன் ஓட வேண்டும் என்று முந்தின நாள் பேட்டரி வைத்துப் பூட்டியது சாட்சாத் நானேதான். சாவி வீட்டில்!

மந்திரத்துக்கு நடுவே இந்தச் சத்தமா என்று மேடையில் ஒரு பெரியவர் கையை ஆட்ட, தாலி கட்டச் சைகை காட்டுகிறார் என்று நினைத்து மேளக்காரர்கள் கெட்டிமேளத்தை வெளுத்து வாங்கினார்கள். கெட்டிமேளம் கேட்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அட்சதையைப் போட்டார்கள். போட்ட கையோடு பந்திக்கு ஓடினார்கள். தாலியோ ஆசீர்வாதத்துக்காகத் தட்டில் ஏறி, மூன்றாவது வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஐயரே, நான் இன்னும் கட்டவே இல்லையே!" என்றார் மாப்பிள்ளை, தலை நிறைய அரிசியோடு.

ஓனர் பூட்டை உடைத்து ஒயரைப் பிடுங்கினார். அப்பா பார்த்த பார்வையில் பொசுங்கிப் போனேன். நல்லவேளை, நல்ல நேரம் முடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. அட்சதை தீர்ந்துபோனதால் சமையல்காரர் அள்ளித் தந்த வெறும் அரிசியைப் போட்டோம். கம்பெனியும் போச்சு, மானமும் போச்சு என்று தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

"அட, இதுக்கு போய் அழுவாத," என்றார் ஓனர். "கெட்டிமேளத்தையும் தாண்டி கேட்டுதே உன் மணி! என்னோட பீர்க்கன்கரணை மண்டபத்துக்கும் சேத்து ரெண்டா குடு. நிறுத்தறதையும் எழுதிக்கினு வா, அவ்ளோதான்."

அவர் சொல்லி மற்ற மண்டபக்காரர்களும் வாங்கினார்கள். ஷட்டர் இறங்கவில்லை.

பின்னால் என்னைப் பெண் பார்க்க ஒருவர் வந்தபோது, அக்கா கணவர் அவரைத் தனியே அழைத்தார். "ஒரே பொண்ணுக்கு ரெண்டு தடவை அட்சதை வாங்கினவன் சொல்றேன், தம்பி. இவளுக்கு ஆரம்பிக்கத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது. யோசிச்சுக்குங்க."

அவர் யோசிக்கவில்லை. இன்றும் நான் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனால், என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து போய் மிக்ஸி பிளக்கைப் பிடுங்குகிறார்.

பிடுங்கட்டும். நான் பேட்டரியில் ஓடுகிறேன்.