கிருபாமலர் கிலோ விலை கேட்ட படலம்

முழங்கியது கைப்பேசி!

ஒடென்சே நகரின் ஓரத்தில், ஞாயிறு பிற்பகல்களில் மட்டும் தமிழருக்கு வாடகைக்குக் கிடைக்கும் அந்த டேனிஷ் தேவாலயத்தில், போதகர் ஜோனாஸ் கண்மூடிக் கையுயர்த்தி, நோயில் கிடப்போருக்காகவும் வேலை தேடுவோருக்காகவும் விசாவுக்குக் காத்திருப்போருக்காகவும் உருகி மன்றாடிக்கொண்டிருந்த ஆழ்ந்த அமைதியின் நடுவே, சரக்குக் கப்பலொன்று துறைமுகத்துக்குள் நுழைவதுபோல் ஊதி அலறியது, ஒரு கைப்பையின் வயிற்றுக்குள் கிடந்த கைப்பேசி. ஜெபத்தில் மூடியிருந்த கண்கள் அத்தனையும் ஒவ்வொன்றாய்ப் பாதி திறந்தன.

வாழி அந்தக் கைப்பைக்கு உரியவள்! வாழி கிருபாமலர்! ஒடென்சேயைத் தாங்கும் ஃபூன் தீவின் பக்கவாட்டுக் காற்றுக்குப் பணியாத கம்பளித் தொப்பியாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் மூட்டை உருளைக்கிழங்கை ஒற்றைப் பார்வையால் நிறுத்துவிடும் கண்ணினாள். வாரந்தோறும் கதவிடுக்கில் விழும் தள்ளுபடித் தாள்களை வரி விடாது ஓதித் தெளிந்த அறிவினாள். சபைப் பெண்கள் நடைக்குழுவின் நிகரற்ற தளபதி!

கடைத்தட்டுகளில் வீற்றிருக்கும் மஞ்சள் விலைச்சீட்டே! பெரிய எழுத்தில் பொருளின் விலையையும், அதன் கீழே சின்ன எழுத்தில் கிலோ விலையையும் சொல்லி, மயக்கும் பொட்டலங்களிடமிருந்து மாந்தரைக் காக்கும் மெய்மையின் தூதே! தளபதி நிகழ்த்திய பெரும்போரைப் பிழையின்றிச் சொல்ல எமக்குத் துணை நிற்பாயாக.

போருக்குக் காரணம் இதுதான். இரண்டாண்டுகளாக, மழையிலும் ஆலங்கட்டியிலும், ஆற்றங்கரைப் பாதையில் தன் சேனையை நடத்திச் சென்றவள் கிருபாமலர். "ஊசியும் வேண்டாம், குளிசையும் வேண்டாம்! காலைத் தூக்கி நடவுங்கோ, பிட்டைப் பாதியாக்குங்கோ!" என்பது சைக்கிள்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி அவள் எழுப்பிய போர்முழக்கம். அந்த முழக்கத்தின் வலிமையை என்னென்பது! கஜந்தி இளைத்தாள். தங்கமலர் பழைய சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்தாள். நடைநாட்களில் பாதிக்கு மேல் முழங்கால் வலியென்று வீட்டிலேயே இருந்துவிடும் யோகம்மாவும்கூட, யாரோ காற்றை இறக்கிவிட்டதுபோல் மாதாமாதம் சுருங்கினாள். ஒரு நாளும் தவறாது, எல்லோருக்கும் முன்னால், எல்லோரைக் காட்டிலும் வேகமாய் நடந்த தளபதி மட்டும், புறப்பட்ட நாளில் இருந்த அதே சுற்றளவோடு, நகர மண்டபம்போல் அசையாது நின்றாள்.

அடுத்த மாதம் நடைக்குழுவின் ஆண்டுவிழா. "நடந்தே மெலிந்தோம்" என்ற தலைப்பில் மேடையேறிப் பேச வேண்டியவள் அவள். அந்த மேடையில், மெலிந்தவர்களுக்கு நடுவே மெலியாத ஒருத்தி நின்று, மெலிவதெப்படி என்று எவ்வாறு போதிப்பது?

ஆகவே அவள் ஊசியை நாடினாள், இரகசியமாக. பசியை அடக்கும் பெப்டைட் ஹோர்மோன் ஊசி அது. குடும்ப மருத்துவரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவருடைய காத்திருப்பு அறையில் எந்நேரமும் சபையார் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணில் பட்டால், மாலைக்குள் தூரத்து ஸ்கீவ நகர்வரை செய்தி போய்விடும். எனவே, தமிழர் எவரும் இல்லாத இடமென்று தேடித்தேடிக் கண்டெடுத்தாள், ஓர் அயல்நாட்டு இணைய மருத்துவமனையை. பெரிய கம்பனியின் பெட்டியில் வரும் மருந்தல்ல அவர்களுடையது. ஏதோ ஒரு கலவை மருந்தகத்தில் ஆளுக்கென்று கலந்து, குப்பியில் அடைத்து, குளிர்ப்பெட்டியில் ஏற்றி அனுப்புவது. "மாதம் 499 குரோனரிலிருந்து" என்று அதன் விளம்பரம் புன்னகைத்தது. அந்த "இலிருந்து" என்ற சின்னஞ்சிறு வாலுக்குள் எத்தனை பாம்புகள் சுருண்டு கிடந்தன என்பதை அப்போது அவள் அறிந்தாளில்லை.

ஆராதனை முடிந்துவிடும் என்று எண்ணி மாலை ஐந்துக்குக் குறித்த வீடியோ அழைப்பு, ஜெபத்தின் நடுவிலேயே வந்துவிட்டது. எடுக்காவிட்டால், முன்னமே கட்டிய ஆலோசனைக் கட்டணம் நானூறு குரோனர் மண்ணாகும். நானூறைச் சும்மா விடுவாளா கிருபாமலர்? இடிமுழக்கத்தை இரு கைகளாலும் நெஞ்சோடு அமுக்கியபடி, வரிசை கடந்து, கதவு கடந்து, விசுவாசிகளின் குளிர்கால மேலங்கிகள் கரடிக் கூட்டம்போல் தொங்கும் அறைக்குள் புகுந்து, அந்தக் கம்பளிக் காட்டின் முன்னே நின்று பொத்தானை அமுக்கினாள். போதகர் ஜோனாஸின் ஜெபம் நீளமானது என்பதைக் கடல் தாண்டி ஜூட்லாந்துவரை அறிவர். அன்று அந்த நீளமே அவளுக்குக் கோட்டைச் சுவராயிற்று. ஆமென் என்ற சொல் எழும்வரைதான் காலம். அதற்குப்பின் சபை முழுவதும் மேலங்கி எடுக்க இங்கே பாய்ந்து வரும்.

திரையில் தோன்றினான் எதிரி. நல்ல சட்டை, நல்ல சிரிப்பு.

"ஹலோ மேடம், விக்னேஷ் ஹியர், உங்க கேர் அட்வைசர்... ஒரு நிமிஷம், கிருபாமலரா? நீங்க தமிழா மேடம்? நான் சென்னை!"

தமிழரில்லாத் திசை தேடி ஓடியவள் முன்னே தமிழே சட்டை போட்டுச் சிரித்தது. தளபதி ஒரு கணம் தள்ளாடினாள், ஒரே கணம்தான்.

"ஓம், தமிழ்தான். தம்பி, சுருக்காச் சொல்லும். மொத்தம் எவ்வளவு?"

"அக்கா, ஃபர்ஸ்ட் உங்க ஹெல்த் ஜர்னி பத்திக் கொஞ்சம்..."

"அக்கா எண்டு கூப்பிட்டா விலை குறையுமோ? மொத்தம் எவ்வளவு எண்டு கேட்டனான்."

தொடங்கியது சமர்! அவன் 499 என்னும் கேடயத்தை உயர்த்தினான். அது முதல் மாதத்துச் சிற்றளவு மருந்துக்கு மட்டுமே உரியதென்று அவள் அதைப் பிளந்தாள். பிளந்த கேடயத்தின் பின்னிருந்து இரண்டாம் மாதத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது எழுந்தான். அவன் தோள்மேல் மூன்றாம் மாதத்து ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஏறி நின்றான், அதன்பின் இறங்கவே இல்லை. குளிர்ப்பெட்டிக் கூலி என்னும் பனிவீரன் மாதந்தோறும் வருவேன் என்று மார்தட்டினான். உறுப்பினர் சந்தா என்பான், எதற்கு வந்தான் என்று எவருக்கும் சொல்லாமலே வந்து வரிசையில் நின்றான். ஊசிமுனைகளும் இரத்தப் பரிசோதனையும் இன்னும் இரண்டு ஆலோசனைகளும், அழைக்காத விருந்தாளிகள்போல் ஆளுக்கொரு தட்டோடு பந்தியில் அமர்ந்தன. சுங்கத்தில் பொதி தடுக்கப்பட்டால் பொறுப்பு வாங்குபவருக்கே என்னும் கள்ள வீரனை, அவன் பதுங்கியிருந்த சின்ன எழுத்திலிருந்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அவளே இழுத்து வெளியே போட்டாள்.

சுவருக்கு அப்பால் போதகரின் குரல் விசா கடந்து, இப்போது மாணவர்களின் பரீட்சையை அடைந்திருந்தது. இன்னும் சற்றே காலமிருந்தது.

"ஆறு மாசத்துக்கு எல்லாத்தையும் கூட்டினா, பதின்மூவாயிரத்துப் பதினாலு. சரியோ?"

எதிரி தன் கணிப்பொறியில் தட்டிப் பார்த்தான். அவன் சிரிப்பின் ஓரம் லேசாகக் கழன்றது. "கரெக்ட்தான்க்கா. நீங்க அக்கவுண்ட்ஸ்ல இருக்கீங்களா?"

"குசினியில. ஆறு மாசத்தில எத்தினை கிலோ குறையும்?"

"ஒரு எட்டு கிலோ எதிர்பார்க்கலாம். கேரண்டி கிடையாது."

அப்போது உருவினாள் தன் குலப்படையை, ஆண்டாண்டாய் ஒடென்சேயின் கடைத்தட்டுகளில் தீட்டித் தீட்டிக் கூராக்கிய அந்த வாளை! "அப்ப கிலோ விலை ஆயிரத்து அறுநூறுக்கு மேல! தம்பி, ஏலக்காய்கூட இவ்வளவு இல்லை. அதுவும் ஏலக்காய் வாங்கினா வீட்டுக்கு வரும். இது என்னட்ட இருக்கிறதைக் கொண்டுபோறதுக்கு நான் காசு தாறன்!"

விக்னேஷ் தன் பயிற்சித் தாள்களைப் புரட்டினான். கிலோ விலை என்று ஒரு பக்கமே அவற்றில் இல்லை.

"இன்னொண்டு. இந்தக் கலவை, அந்தப் பெரிய கம்பனிட மருந்துதானோ?"

"அது மாதிரியேதான்க்கா. ஆனா அதே இல்ல."

"ஆர் சோதிச்சது?"

"ஃபார்மசில பண்ணுவாங்க... டோஸ் மட்டும் நீங்களே சிரிஞ்சுல கோடு பார்த்து இழுத்துக்கணும். வீடியோ அனுப்புவோம்."

"கண்ணாடி போட்டாலும் எனக்குச் சின்னக் கோடு ரெண்டாத் தெரியும், தம்பி. சரி, ஆறு மாசத்தால நிப்பாட்டினா?"

பக்கத்தில் யாரும் கேட்கிறார்களா என்று பார்ப்பவன்போல் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான் விக்னேஷ். அந்தக் கணத்தில் அவன் விற்பனையாளன் அல்லன், யாரோ ஒரு வீட்டின் நல்ல பிள்ளை. "வெயிட் திரும்ப வர்றதுக்கு சான்ஸ் இருக்குக்கா. நிறையப் பேர் கன்டினியூ பண்றாங்க."

"அப்ப இது வாங்கிறது இல்லை. வாடகை."

"அப்படியும் சொல்லலாம். அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, உங்க ஊர் டாக்டர்கிட்டயே ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

வென்றாள் கிருபாமலர்! பேரம் படியாத பேரரசுகளின் முன் நின்று, மறைத்த தொகையை வெளிக்கொணர்ந்து, கட்டிய நானூறு குரோனருக்கு ஒரு நொடி மௌன அஞ்சலி செலுத்தி, "சந்தோசமா இரும், தம்பி" என்று தோற்ற எதிரிக்கும் ஆசி கூறி, சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அதே கணம் சுவருக்கு அப்பால், இடிபோல், கடல்போல், சபை முழுவதும் சேர்ந்தெழுப்பிய ஆமென் அதிர்ந்தது. வெற்றி முரசே அது என்று நிமிர்ந்து, கைப்பையை இறுக்கிக்கொண்டு, தளபதிக்குரிய நடையோடு திரும்பினாள்.

கம்பளிக் காட்டில் ஒரு மேலங்கி அசைந்தது. அதற்குள் கஜந்தி இருந்தாள். குழந்தையின் கையுறையைத் தேடி முன்னமே வந்து, சத்தம் கேட்டு மூச்சடக்கி, எல்லாவற்றையும் கேட்டு நின்றிருந்தாள், நடைக்குழுவிலேயே அதிகம் மெலிந்த கஜந்தி. சரிந்தது வானம்! இரண்டாண்டுப் போர்முழக்கமும், ஆண்டுவிழா மேடையும், ஊசியை இகழ்ந்து அவள் உரைத்த அத்தனை உரைகளும் ஒரே நொடியில் கிருபாமலரின் கண்முன்னே புழுதியாய்ப் பறந்தன. "கஜந்தி, நான்..." என்று தன் பேரறிக்கையைத் தொடங்கினாள். வாசலில் காலடிகள் நெருங்கின. தீர்ப்புக்குக் காத்திருக்கும் மன்னரைப்போல் அவள் தலை தாழ்த்தி நின்றாள்.

கஜந்தி கதவைப் பார்த்தாள், கிட்டே வந்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"மலரக்கா, நாங்கள் எல்லாரும் போன வருசமே குடும்ப டொக்டரிட்டக் கேட்டு ஊசி போடத் தொடங்கிட்டம், உங்களுக்குச் சொல்லத்தான் பயம்."