பத்தரைக்கே டீ டைம்

ஒரு பனியன் கம்பெனியை மொத்தமாக எழுந்து நிற்க வைத்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. அந்தக் கம்பெனிக்குள் கால் வைக்காமலேயே.

திருப்பூரில் ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தில் தயாரிப்பு உதவியாளராகச் சேர்ந்த புதிது. ரேடியோவில் என் குரல் வராது. எந்தப் பாட்டு, எந்த விளம்பரம், எது எப்போது என்று கம்ப்யூட்டரில் அடுக்குவதுதான் வேலை. (விஸ்காம் படித்த திமிர் வேறு. எதைப் பார்த்தாலும் மாற்றச் சொல்லிக் கை அரிக்கும்.) பதினொரு மணி நிகழ்ச்சிக்கு ஒரு நாதஸ்வர ட்யூன் உண்டு. இவ்வளவு ஜோரான ட்யூனை எதற்குப் பதினொன்று வரை பூட்டி வைப்பது? யாரிடமும் கேட்காமல் பத்தரைக்குத் தூக்கிப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் மேலாளர் சாந்தி மேடத்துக்குப் போன். அழைத்தவர் ஒரு பனியன் கம்பெனியின் புரொடக்ஷன் மேனேஜர்.

"ஏனுங்க மேடம், உங்க ட்யூனக் கேட்டு தையல் லைனு மொத்தமும் மிஷின ஆஃப் பண்ணீட்டு எந்திரிச்சுப் போயிருச்சுங்க. டீக்காரரே இன்னும் வர்லீங்க."

அந்தக் கம்பெனியில் பெல் கெட்டுப்போய் வெகுகாலமாம். உள்ளே நாள் முழுக்க ஸ்பீக்கரில் எங்கள் ரேடியோதான். நாதஸ்வரம் கேட்டால் டீ. இது ஊருக்கே தெரியும், என்னைத் தவிர. அன்று சாயங்காலம் அவர்களுக்கு ஷிப்மென்ட். போதாக்குறைக்கு, எங்களுக்கு அதிகமாக விளம்பரம் தருவதும் அவர்கள்தான்.

மேடம் என்னைத் திட்டவில்லை.

"நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா கண்ணு. அவங்க விளம்பரத்த நிறுத்தீட்டா உன்னைய நான் வெச்சுக்க முடியாது."

போனேன். பதினொரு மணிக்கு நிஜ டீ வந்து, ஜனம் இரண்டாவது தடவையும் எழுந்து போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தது. மேனேஜர் லைன் முன்னால் என்னை நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் இருந்த பாத்திமா அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"எந்திரிச்சுப் போனது எங்க காலுங்க சார். அந்தப் புள்ளைய எதுக்குங்க வையறீங்க? மத்தியானச் சோத்த வெரசாத் தின்னுபோட்டு வந்து முடிச்சுத் தாரோம். மிஷின் சத்தமில்லாம நாலு வார்த்த பேசிக்கிட்டோம்ல, அதுக்கு நாங்கதான் அவளுக்கு டீ வாங்கித் தரோணும்."

லைனே சிரித்தது. மேனேஜரும் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார்.

சொன்னபடியே முடித்தார்கள். லாரி கிளம்பியது, விளம்பரம் தங்கியது, நானும் தங்கினேன். அதுவரை என் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள், எனக்காகச் சோற்று நேரத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். (அழவில்லை. பஞ்சுத் தூசி.)

வீட்டில் அம்மா கொஞ்சம் முன்னதாகச் சாப்பிடக் கூப்பிட்டால் போதும், "ஏங்கண்ணு, ட்யூனப் போட்டுட்டியா?" என்று அப்பா என்னிடம் ஆரம்பித்துவிடுவார். சொந்தக்காரர்கள் வந்தால் முழுக் கதையும் உண்டு, நாதஸ்வரத்தை வாயாலேயே வாசித்து.

இப்போது அதே நிலையத்தில் நான் தயாரிப்பாளர்; நாதஸ்வரம் இன்றும் பதினொன்றுக்குத்தான். கதை போதும், இரண்டாவது போன் லைனில் ஒரு நேயர் காத்திருக்கிறார்.