கீழுதட்டில் பல்

மனிதர்களில் ஒரு இனம் உண்டு. பள்ளிக்கூடத்தில் வராத ஆங்கிலத்தை நாற்பது வயதுக்கு மேல் தானாகவே படித்துக் கரைகண்ட இனம். படித்ததில் தப்பில்லை. வீட்டோடு படித்து, வீட்டோடு வைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். இந்த இனம் அப்படியல்ல. தன் தேவை போக மிச்சம் நிறைய இருப்பதால், அதை எதிரே வருகிறவர் தலையில் கட்டாமல் ஓயாது. கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்திருப்பீர்கள், ஆஸ்பத்திரி வரிசையில் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே கூட... சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

கடல் கடந்த ஒரு தீவு நாட்டில், இலோயிலோ படகுத்துறையில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருக்கும் போர்ஃபிரியோ மக்பனுவா இந்த இனத்தில் உயர்ந்த ரகம். பெயரிலேயே அவருக்குச் சோதனை. அந்த ஊர் நாக்குக்கு 'ப'வும் 'ஃப'வும் ஒன்றுதான். பெற்ற தாயே அவரைக் கடைசிவரை போர்பிரியோ என்றுதான் கூப்பிட்டாள். கீழுதட்டின் மேல் மேல்வரிசைப் பல்லை வைத்து ஊதினால் சுத்தமான 'ஃப' வரும் என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்தார். அன்று உதட்டில் வைத்த பல்லை இன்றுவரை எடுக்கவில்லை. விளைவு? "என் பெயர் ஃபோர்பிரியோ" என்று கம்பீரமாகக் கை நீட்டுகிறார். பல் இடம் மாறி விழுந்ததை அவரிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

விடிந்ததும் பத்துச் சொல். அதைத் துண்டுச் சீட்டில் எழுதி அரிசி டின்னில், கண்ணாடியில், கழிப்பறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுவார். பிறகு பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு இருமல் மருந்துக் காகிதத்தை உரக்க வாசிப்பார். பிறகு நகராட்சி வைத்த பலகையில் ஒரு எழுத்துக் குறைகிறது என்று பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம். பிறகு அந்தக் கடிதத்தை வெளியிடாத ஆசிரியருக்கு அதைவிட நீளமாக இன்னொரு கடிதம். இவ்வளவும் காலைக் காப்பிக்கு முன்னால்.

முன்பெல்லாம் எதிர்த்தீவுப் படகுக்கு ஒலிபெருக்கியில் அவர் பேசியது ஊர்ப் பேச்சில் ஒரே வரி. "குய்மராஸ் படகு கெளம்புது, ஓடியாங்க." ஜனங்கள் ஓடினார்கள், ஏறினார்கள். இப்போது, மதிப்பிற்குரிய ஃபாசஞ்சர்கள் தங்கள் பெர்ரிப் படகின் புறப்பாடு அணுகிக்கொண்டிருப்பதைக் கனிவுடன் கவனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் அவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் படகு பாதிக் கடலில் இருக்கும். காலி மாங்கூடையோடு நின்றவர்கள் அடுத்த படகுக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் போதாது என்பது அவர் கருத்து.

துறைக்கு எதிரே பாச்சோய் நூடுல்ஸ் கடை. அவர் தலை தெரிந்ததும் கடைக்கார அக்கா மனாங் குரிங் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வாள். கனமான ஆங்கிலம் கேட்டால் மூக்கில் ரத்தம் வரும் என்பது அந்த நாடு முழுவதும் வழங்கும் கேலி. கடையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் மூக்கைப் பொத்துவார்கள். போர்ஃபிரியோ அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் இந்த இனத்துக்குக் கல்யாணமும் ஆகிவிடுகிறது.

மனைவி நெனிதா, படுத்த படுக்கையான டோன்யா எலேனா என்ற கிழவியைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவள். கிழவி போய்ச் சேர்ந்ததும் வேலை போயிற்று. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, வீடியோவில். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடும். இது போனால் மறுபடி ஊரார் துணியைத் துவைக்க வேண்டியதுதான்.

நெனிதாவுக்கு ஆங்கிலம் தெரியாதா? தெரியும். ஒரு வாக்கியத்துக்கு நாலு சொல். அதை வைத்துக்கொண்டு டோன்யாவின் அமெரிக்க மருமகனோடு சண்டையே போட்டு ஜெயித்திருக்கிறாள். இந்த ஆங்கிலத்தோடு தன் மனைவி கடல் கடப்பதை போர்ஃபிரியோவின் மானம் ஒப்பவில்லை. ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார். முதல் வாரத்தில் அவள் உதட்டிலும் பல் ஏறியது. பேஷன்ட் என்று ஒழுங்காகச் சொன்னவள் ஃபேஷன்ட் என்றாள். மூன்றாவது வாரத்தில், வாயைத் திறந்ததும் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஆறாவது வாரம் வாயையே திறக்கவில்லை. சந்தையில் மீன்காரியைப் பேசியே அழவைத்த நெனிதா அவள்.

மிகப் பெரிய தலைவலி 'அவன்', 'அவள்' என்ற வேறுபாடு. அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் அங்கே யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை. கல்யாணங்கள் சரியாகவே நடக்கின்றன. ஆங்கிலம் பேசும்போதுதான் அத்தை மாமாவாகிவிடுவாள். இதற்காக போர்ஃபிரியோ இரண்டு அட்டை செய்தார். ஒன்றில் மீசை, ஒன்றில் பூ. கேமராவுக்குத் தெரியாமல் மேஜைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து தேவையானதைத் தூக்கிக் காட்டுவது ஏற்பாடு.

மாலை நாலு மணிக்குத் திரையில் ஒரு நரைத்த அம்மாள் வந்தாள். நீங்கள் பார்த்துக்கொண்ட பெரியவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். நெனிதாவின் முகம் மலர்ந்தது.

"அவன் தொண்ணூத்தொரு வயசு. அவன் குளிக்கப் பிடிக்காது. அவன் நல்ல பேஷன்ட்..."

பூ அட்டை எழுந்தது. நெனிதா நின்றாள். "அவள்" என்றாள். "ஃபேஷன்ட்" என்றாள். போர்ஃபிரியோ இப்போது ஒரு கையால் பூவை ஆட்டிக்கொண்டு, மறு கையால் உதட்டிலிருந்து பல்லை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நெனிதாவுக்கு அடுத்த சொல் வரவில்லை. திரையிலிருந்த அம்மாள் காத்திருந்தாள். பிறகு தன் காகிதங்களைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நெனிதா அதைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் மேடம் என்று சொல்லிவிட்டு, புருஷன் பக்கம் திரும்பித் தன் மொழியில், குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"லாங்கா, அந்தக் கெழவிக்குப் பதினோரு வருஷம் குண்டி கழுவுனவ நான். அது ஆம்பளையா பொம்பளையான்னு எனக்குத் தெரியும். நீ வெளிய போ."

லாங்கா என்றால் கண்ணே என்று அர்த்தம். எந்த மொழியில் சொன்னாலும் அந்தத் தொனியில் சொல்லப்படும் கண்ணே நல்லதற்கல்ல.

போர்ஃபிரியோ போனார். போய் எங்கே நின்றார்? கதவுக்குப் பின்னால்தான். அவள் விடும் பிழைகளை விரலில் எண்ணினார். பத்து விரலும் தீர்ந்தபோது, அங்கே யார் என்று அந்த அம்மாள் கேட்டிருக்க வேண்டும்.

"எம் புருஷன், மேடம். அவள் ரொம்ப நல்லவள். அவள்தான் எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றாள்."

திரைக்குள்ளிருந்து ஒரு பெரிய சிரிப்பு. நெனிதாவும் சிரித்தாள், ஆறு வாரத்தில் முதல் தடவையாக. அதற்கப்புறம் இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். கதவில் காதை ஒட்டியும் அந்த அயர்லாந்து அம்மாளின் ஆங்கிலம் ஒரு சொல்கூட போர்ஃபிரியோவுக்குப் பிடிபடவில்லை. நெனிதாவுக்குப் பிடிபட்டது.

வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தில் அவர் ஒரு எழுத்துப்பிழை கண்டுபிடித்தார். விமான நிலையத்தில் வழியனுப்பும்போது, போய் இறங்கியதும் எழுது, முழு வாக்கியமாக எழுது என்றார்.

இரண்டு நாள் கழித்து, ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஆங்கிலத்தில் செய்தி வந்தது.

"நான் வந்து சேர். இங்கே குளிர். நீ சாப்பிடு?"

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. முதல் நாள் ராத்திரியும் சாப்பிடவில்லை. வீட்டில் அரிசி டின்னைத் திறந்தால் பயிற்சியில் அவள் மனப்பாடம் செய்த பத்துச் சொல் கண்ணில் பட்டது, மூடிவிட்டார். அவள் அனுப்பியதை நாலு முறை படித்தார். பிறகு கை தன்னால் போய், 'நான் வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே குளிராக இருக்கிறது. நீ சாப்பிட்டாயா?' என்று திருத்தி, அவளுக்கே திருப்பி அனுப்பியது.

அவள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏன் நாலு நாளாக அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று மனாங் குரிங்கிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடையில் இப்போது யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

பாவம், இப்படியும் ஒரு மனுஷனா என்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். இதன் முதல் வரியில் 'ஒரு இனம்' என்று எழுதியிருந்தேன். 'ஓர் இனம்' என்றல்லவா இருக்க வேண்டும் என்று உங்கள் கை பென்சிலைத் தேடியதா?

அது இருக்கட்டும். வீட்டில் உங்களிடம் யாரோ ஏதோ கேட்டார்களே, பதில் சொன்னீர்களா?