பாய்மரத்துக்கு அடியில் ஐந்தாவது கப்பல்

மதிப்பிற்குரிய மைத்துனர் ஜாகோ அவர்களுக்கு, ஃபால்மத்திலிருந்து பெரன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை மோர்வென்னா சௌக்கியமே. அவளால் என் சௌக்கியம்தான் போய்விட்டது.

என் வெள்ளி நாணயங்கள் உங்களுக்குத் தெரியும். ஆறு நாணயம், ஒவ்வொன்றிலும் ஒரு பழைய கப்பல் பொறித்தது, ஒரே பெட்டி. கையுறை போடாமல் நானே தொட்டதில்லை. சனிக்கிழமை மகள் மெரின் தன் படகில் தன்னந்தனியாக பிஸ்கே விரிகுடாவைத் தாண்டி போர்ச்சுகல் போகிறாள் அல்லவா, அதற்காக நேற்றுப் பட்டறையில் புதுப் பாய்மரம் நட்டார்கள். மரத்தின் அடிக்குழியில் ஒரு காசு வைக்காமல் நம் ஊரில் எந்தப் படகும் கடலுக்குப் போனதில்லை, அதில் எனக்குத் தகராறு கிடையாது, ஆனால் இந்தக் காலத்தில் காசு யாரிடம் இருக்கிறது, அட்டையைத் தட்டித்தானே எல்லோரும் ரொட்டி வாங்குகிறோம்? மோர்வென்னா பையையெல்லாம் உதறிப் பார்த்துவிட்டு, நேராக என் அலமாரியைத் திறந்து, ஐந்தாவது கப்பலின் பிளாஸ்டிக் உறையைச் சமையல் கத்தியால் நெம்பி, கானாங்கெளுத்தி அறுத்த அதே கையால் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எல்லோருக்கும் இறைச்சி அடைத்த பேஸ்ட்டி வாங்கிக்கொண்டு நான் வருகிறேன், பாய்மரம் கிரேனில் தொங்குகிறது, குழிக்குள் என்னவோ பளபளக்கிறது. அந்தப் பளபளப்பு எனக்குத் தெரியாதா மச்சான்? "நிறுத்துங்கப்பா! அது என்னோடது!" என்று பேஸ்ட்டியோடு ஓடினேன்.

"ஏங்க கத்துறீங்க? காசு காசுதானே?" என்றாள் உங்கள் தங்கை.

"அது காசாடி? கடையில குடுத்தா ஒருத்தனும் வாங்க மாட்டான்!"

"அப்புறம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

அதற்குள் மரம் இறங்கிவிட்டது. வைத்த காசை எடுத்தால் படகு கரை திரும்பாது என்று பட்டறைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். மெரின் என் பக்கத்தில் வந்து, "அப்பா, நான் போறது உங்களுக்குப் பயமா இருக்கா, இல்ல காசு போனதுதான் பயமா?" என்று கேட்டாள். காசுதான் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அதிலிருந்து பேச மாட்டேன் என்கிறாள். பிஸ்கேயில் போன வாரம் பூராவும் புயல், மச்சான். உண்மையில் என் பயம் அவள் போவதுதான். கிளம்புகிற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

ஆகவே, படகு கட்டித் தேர்ந்தவரான நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து, மரம் சாய்ந்திருக்கிறது, தூக்கி நட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தூக்குகிற சமயத்தில் நான் காசை மாற்றிவிடுவேன். பக்கத்து வீட்டில் ஒரு பென்னிக் காசு கேட்டு வாங்கித் தயாராக வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு ஆண்டவன் துணை.

இப்படிக்கு,
பெரன் ட்ரெவாஸ்கிஸ்

பி.கு.: நீங்கள் வர வேண்டாம். தபால் பெட்டிக்குப் போகிற வழியில் பட்டறையை எட்டிப் பார்த்தேன். மரம் நிஜமாகவே சாய்ந்திருந்ததாம், அவர்களாகவே தூக்கியிருந்தார்கள். ஐந்தாவது கப்பலின் நடுவில் மரம் அழுத்திய பெரிய வடு. பென்னியோடு குனிந்தேன். மெரின் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் மற்ற ஐந்தையும் கொண்டுவந்து, கையுறை இல்லாமலே, அதே குழியில் பக்கம் பக்கமாக வைத்தேன்.

"என்னப்பா இது?" என்றாள்.

"செட்டைப் பிரிக்கக் கூடாதும்மா. மொத்தமா வீட்டுக்கு வந்து சேரணும்."